வயசான நாய்க்கு வீட்டுக்கு வந்து தோலடி சலைன் ஏற்ற ஆள் தேவை (லாஸ்பேட்டை)

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டை பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிறோம். நாய்க்கு 13 வயசு, 10 கிலோ, சிறுநீரகக் கோளாறு. ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் (ஒரு வகை சலைன்) தோலுக்கடியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முறை தெரியும், 74 வயசுக் கைதான் நடுங்குது.

பாட்டில், ஐ.வி. செட், 20 கேஜ் ஊசி எல்லாம் இருக்கு. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில வச்சு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கணும். சில்லுன்னு ஏறினா உதறி ஊசியைக் கழட்டிடும். டியூப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, முதுகுக்கு இணையாகக் குத்தணும். சாய்ந்தா மறுபக்கம் துளைச்சு ரோமம்தான் நனையும். ஏற்றினதும் வீக்கம் முன்கால் வரை இறங்கும், பயப்பட வேண்டாம். மறுநாளும் வத்தலைன்னா அடுத்ததை ஏற்றாம டாக்டரைக் கேட்கணும். மூச்சு வாங்கினா உடனே நிறுத்தணும்.

சாயங்காலம் வரக்கூடிய கால்நடை கம்பவுண்டர் யாராவது தெரியுமா? குரும்பாபேட்டை கால்நடைக் கல்லூரியில் படிச்சவங்கன்னா இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு என்ன வாங்குறாங்கன்னும் சொல்லுங்க.

இன்னொன்னு: டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்குது. அடியில் ரப்பர் வச்ச நீள மிதியடி புதுச்சேரியிலோ கடலூரிலோ எங்கே மீட்டர் கணக்கில் வெட்டித் தருவாங்க?

தயவுசெய்து ஐபுபுரூஃபன் மாதிரி மனுஷ வலி மாத்திரை சிபாரிசு வேண்டாம், சிறுநீரகத்தையே கெடுக்கும். இளநீரும் வேண்டாம், பொட்டாசியம் அதிகம்.