‘நேப்பிங்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மு. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். கற்கருவி செய்முறை பற்றிய படமொன்றுக்குத் தமிழ் உரைவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒருவர் இடக்கையில் குவார்ட்சைட் கல்லைப் பிடித்து, வலக்கையிலுள்ள சுத்தியல் கல்லால் ஓரத்தில் அடிக்கிறார். அடிக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுகிறது. இதற்குத்தான் ‘நேப்பிங்’ என்கிறார்கள். முந்தைய வரைவில் ‘கல் செதுக்குதல்’ என்றிருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. செதுக்கினால் மிஞ்சுவது பொருள், உதிர்வது குப்பை. இங்கே பல நேரம் உதிர்ந்த துண்டுதான் கருவி. துண்டுக்கும் மிஞ்சும் கல்லுக்கும் சேர்த்தே சொல் தாருங்கள்.

இரா. எழுதியது:
தம்பி, ‘பொளிதல்’ இருக்க ஏன் அலைகிறீர்கள்? கல்லில் செய்யும் வேலைக்கென்றே பிறந்த சொல். துண்டு ‘சில்லு’. மிஞ்சுவது ‘கருக்கல்’.

த. எழுதியது:
ஐயா மன்னிக்க வேண்டும். பொளிவதற்கு உளி வேண்டும், இந்தத் தொழிலில் உளியே கிடையாது. எல்லாம் கோணக் கணக்கு. அடிவிழும் தளத்துக்கும் பக்கவாட்டு முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் துண்டு ஒழுங்காகக் கழன்று வரும். வந்த துண்டின் உள்முகத்தில், அடிபட்ட இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பு, அதிலிருந்து விரியும் அலைவரிகள். இயற்கையாக உடைந்த கல்லையும் ஆள் உடைத்த கல்லையும் பிரித்தறிய நாங்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஆகவே சொல்லில் ‘பெயர்தல்’ இருக்கட்டும். ‘சில்லுபெயர்ப்பு’ என் பரிந்துரை. ‘கருக்கல்’ வேண்டவே வேண்டாம். ‘கருக்கலில் கிளம்பினான்’ என்போம். அவசரத்தில் ‘கருங்கல்’ என்றும் படிப்பார்கள்.

வ. (யாழ்ப்பாணம்) எழுதியது:
எங்கட பக்கம் சில்லு எண்டால் சைக்கிள் சில்லு. ‘ஆதிமனிதர் சில்லுபெயர்ப்பில் ஈடுபட்டனர்’ எண்டு பிள்ளையள் வாசிச்சால், வண்டிச் சக்கரத்தைக் கழட்டினவை எண்டுதான் நினைப்பினம். எங்கட நாட்டுப் பாகியன்கல குகையில் 48,000 ஆண்டு பழமையான படிக நுண்கருவிகள் கிடைச்சிருக்கு. இஞ்சையும் இதைப் படிப்பிக்க வேணும். ‘செதில்’ எண்டு வையுங்கோவன்.

இரா. எழுதியது:
செதில் மீனுக்கு. ‘சில்’ என்பது சிறுமை குறித்த வேர். சில, சில்லு, சில்லறை, சிலாம்பு எல்லாம் ஒரே கொத்து. கல்லைக் குறிக்கும் ‘சிலை’யும் இதன் வழியே வந்தது, வடமொழி அன்று. இன்னும் உள்ளே போனால், கல்லுதல் என்றால் தோண்டுதல். அதிலிருந்தே கல், கல்வி வந்தன என்பது என் துணிபு. மணற்கேணிக் குறளை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். கல்லைக் கல்லியவனே முதலில் கற்றவன்!

ந. எழுதியது:
சிலை வடமொழி ‘சிலா’ என்று இந்தக் குழுவிலேயே பலமுறை பேசியாயிற்று ஐயா. மறுபடி தொடங்கினால் மு.வின் வெள்ளிக்கிழமை போய்விடும். இன்னொன்று: உரைவரியில் கல்லை எங்கும் ‘சிக்கிமுக்கிக் கல்’ என்று எழுதிவிடாதீர்கள். ஐரோப்பியப் படங்களைப் பார்த்து வந்த பழக்கம் அது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்த கருவியும் சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத் தொல்லிடத்தில் குவிந்து கிடப்பவையும் குவார்ட்சைட்.

மு. எழுதியது:
நன்றி. படத்தில் அத்திரம்பாக்கமும் வருகிறது, அதனால் அடுத்த தலைவலி ‘லெவல்வா’.

த. எழுதியது:
அது பாரிஸ் ஓரத்து ஊரின் பெயர், அப்படியே விடுங்கள். செய்முறையை ஒரு வரியில் சொல்லலாம்: கல்லைச் சுற்றிலும் தட்டி, மேல்முகத்தை ஆமை முதுகாக முன்கூட்டியே வடித்துவைத்து, கடைசியில் ஒரே அடியில் வேண்டிய வடிவத்துத் துண்டை எடுப்பது. அடிக்கும் முன்பே துண்டின் வடிவம் மனத்தில் இருக்கிறது, அதுதான் இதன் பெருமை. அத்திரம்பாக்கத்தில் இம்முறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டதாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை. மிஞ்சும் கல்லுக்குத் ‘தாய்க்கல்’ சரிவருமா?

வ. எழுதியது:
தாய்க்கல் நல்ல சொல். எனக்குச் சம்மதம்.

ந. எழுதியது:
எனக்கும். முடித்துக்கொள்வோமா? வேலைக்குச் ‘சில்லுபெயர்ப்பு’, துண்டுக்குக் ‘கற்சில்லு’, மிஞ்சுவதற்குத் ‘தாய்க்கல்’. இலங்கை வாசகர்களுக்காகக் ‘கற்செதில்’ என்பதையும், ‘கற்சில்லு’ முதன்முதலில் வரும் இடத்தில் சேர்த்துப் போடலாம்.

இரா. எழுதியது:
பெரும்பான்மை என்பது இலக்கணமாகாது. ‘பெயர்ப்பு’ என்றாலே மொழிபெயர்ப்புத்தான் நினைவுக்கு வரும். என் மறுப்பைப் பதிவு செய்க. ‘கற்சில்லு’க்கு மட்டும் தடையில்லை, புணர்ச்சி சரி.

மு. எழுதியது:
வேலைக்கும் துண்டுக்கும் ந. சொன்னபடியே, தாய்க்கல்லும் சேர்த்து அனுப்பிவிட்டேன். லெவல்வாவை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் இரண்டாம் பாகத்தில் மான்கொம்பு நுனியை ஓரத்தில் வைத்து, அடிக்காமல் அழுத்தியே பொடிச் சில்லுகளை எடுக்கிறார்கள். அதற்கு...

இரா. எழுதியது:
நெம்புதல்.

த. எழுதியது:
நெம்பவில்லை ஐயா, அழுத்துகிறார்கள்.