ஹைட்ரஜன் மிகுந்தும் விண்மீன்கள் மெதுவாகப் பிறப்பது ஏன்?

கேள்வி – பாளையங்கோட்டை, இயற்பியல் ஆசிரியர்:
வணக்கம். மாலின் 1 போன்ற விண்மீன் திரளில் ஹைட்ரஜன் பெருமளவில் இருந்தும் அதன் வட்டு மங்கலாகவே இருப்பதாக வகுப்பில் சொன்னபோது, "எரிபொருள் இருந்தும் அடுப்பு ஏன் எரியவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். எவ்வாறு விளக்கலாம்?

பதில் – அம்பாசமுத்திரம்:
ஐயா, பெருங்குளம் நிறைந்திருந்தாலும் மடை திறந்தால்தான் வயலுக்கு நீர் பாயும் என்பது நம் தாமிரபரணிக் கரையில் குழந்தைக்கும் தெரியும். பரவிக் கிடக்கும் அணு ஹைட்ரஜன் (தனித்தனி அணுக்களாக உள்ள வாயு) அப்படிப்பட்ட இருப்புதான். அது அடர்ந்து, குளிர்ந்து, தூசித் துகள்களின் மேற்பரப்பில் மூலக்கூறாக மாறி, 10 முதல் 20 கெல்வின் அளவிலான முகில்களாகத் திரண்ட பிறகே ஈர்ப்பினால் சுருங்கி விண்மீனாகிறது. மாலின் 1இன் வட்டு மிகப் பரந்தது என்பதால் வாயுவின் அடர்த்தி குறைவு. மடை அரிதாகவே திறக்கிறது.

பதில் – தென்காசி:
உவமை நன்று, ஆனால் குளத்திற்கு வரத்தும் வேண்டுமே! அண்டத்தில் விண்மீன் பிறப்பு ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்து, பின்னர் வெகுவாகக் குறைந்தது. புனேக்கு வடக்கே உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியில் 7,653 விண்மீன் திரள்களின் 21 செ.மீ. சமிக்ஞைகளை (அணு ஹைட்ரஜன் வெளியிடும் ரேடியோ அலைகளை) ஒன்றுகூட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றிலிருந்த அணு வாயு, அன்றைய விண்மீன் பிறப்பு வேகத்தில் 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானதாக இருந்தது. வெளியிலிருந்து புதுவாயு போதிய அளவு வந்து சேராததே இந்தச் சரிவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினர்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மடையையும் வரத்தையும் சேர்த்தே நாளை கரும்பலகையில் வரைகிறேன்.