அந்த ஒற்றைத் திராட்சை: குடல் அழற்சிக்காரர்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு

குடல்காவலர்:
இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "குரோன்ஸோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ, எட்டு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் செய்தால் வீக்கம் வற்றிவிடும், மருந்தைப் படிப்படியாக விடலாம்." இரண்டும் குடல் நெடுநாள் அழன்று கிடக்கும் நோய்கள்; மைண்ட்ஃபுல்னெஸ் என்பது அந்தந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனித்துப் பழகும் பயிற்சி. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரையை விட்டவர் எங்கே போய் நிற்பார் என்று தெரிந்துதான் எழுதினாரா? சிகாகோவில் செய்து 2014இல் வெளியான ஆய்வு இருக்கிறது. நோய் அடங்கியிருந்த 55 கொலைட்டிஸ் நோயாளிகள். சிலருக்கு இந்த எட்டு வாரப் பயிற்சி, மற்றவர்களுக்கு வேறொரு வகுப்பு. 12 மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் திரும்பக் கிளம்புவதில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. கிளம்பியபோது பயிற்சி பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கை அவ்வளவாகக் குலையவில்லை. அது பெரிய பலன்தான், ஆனால் மாத்திரைக்கு மாற்று ஆகாது.

இன்னொன்று. இந்த வகுப்புகளில் முதல் நாளே கையில் காய்ந்த திராட்சையைக் கொடுக்கிறார்கள். சிறுகுடல் சுருங்கிப்போன குரோன்ஸ்காரருக்குக் காய்ந்த திராட்சை! யாருக்குமே உறைக்கவில்லையா?

எட்டுவாரம்:
மருந்தை விடச் சொன்னவரை யாரும் இங்கே ஆதரிக்கவில்லை. ஆனால் திராட்சையை இழுத்தது அநியாயம். கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய முறையின் அடையாளமே அது. உள்ளங்கையில் வைத்து அதன் சுருக்கங்களைப் பார்ப்பது, விரலில் உருட்டுவது, காதருகே நசுக்கிக் கேட்பது, முகர்வது, கடிக்காமல் நாக்கில் வைத்திருப்பது, பிறகு மெதுவாக மெல்வது. விழுங்குவதற்குள் கூழாகியிருக்கும். கூழ் எங்கே அடைக்கும்?

குடல்காவலர்:
கூழா? ஒரு திராட்சையை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். சதை கரைந்து வழிந்துவிடும். தோல் மட்டும் ஈரக் காகிதம் போல விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் செரிக்க நம் உடம்பில் நொதி கிடையாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் தழும்பு விழுந்து குறுகியிருந்தால், இப்படிப்பட்ட தோலும் நாரும்தான் அங்கே போய்ச் சேரும். சாப்பிட்டபின் தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலிக்கும், வயிறு உப்பும், காற்றுகூடப் பிரியாது, கடைசியில் வாந்தி. அழற்சியால் வீங்கிக் குறுகியது என்றால் ஸ்டீராய்டில் வடியும். தழும்பால் குறுகியது எந்த மருந்துக்கும் எளிதில் இளகாது. முதலில் கூழ் என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள்.

மருந்துச்சீட்டு:
கணக்குப் பார்த்துப் பேசலாமே. குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப் குழாயின் தடிமன் சுமார் 12 அல்லது 13 மில்லிமீட்டர். அது நுழையாத இடத்தில்கூட நன்றாக மென்ற தோல் துணுக்கு போய்விடும். அடைப்பு வருவது ஒரு பிடி வேர்க்கடலையால், முருங்கைக்காய்ச் சக்கையால், பலாச்சுளையால், சோளத்தால். அரை கிராம் திராட்சையால் குடல் அடைப்பது அபூர்வம். பயத்தைக் கிளப்புவதும் ஒரு கெடுதல்தான். ஏற்கெனவே சோற்றைப் பார்த்தாலே பயப்படுகிறவர்கள் இவர்கள்.

குடல்காவலர்:
ஒரு திராட்சையோடு நிற்கிறதா? வீட்டுக்குப் போய் ஒரு வேளை உணவை இப்படியே சாப்பிட்டுப் பாருங்கள் என்று அதே வாரம் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். "வகுப்பில் கொடுத்தார்களே, அப்போது நல்லதுதான்" என்று ஒரு கிண்ணம் திராட்சையோடு உட்காருகிறவரை யார் தடுப்பது? மருந்துச்சீட்டு ஐயா போன மாதம் ஐபிஎஸ்ஸையும் (எரிச்சல் குடல்) ஐபிடியையும் (நம் குடல் அழற்சி நோய்) ஒன்றாக்கி எழுதியவர் என்பதையும் மறக்கவில்லை. ஐபிஎஸ்ஸில் குடலில் அழற்சி கிடையாது, மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதம் பொதுவாகக் கிராமுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டாது. இங்கே 250க்கு மேல் போகிறவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

மருந்துச்சீட்டு:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. திராட்சைக்குப் பதில் வரவில்லை என்பதால்தான் பழங்கணக்கு வருகிறது.

சமையல்கட்டு:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பி. திராட்சையைத் தூக்கிவிட்டு நன்றாகப் பழுத்த பூவன்பழத்தில் ஒரு வட்டு கொடுங்கள். தோலும் இல்லை, சக்கையும் இல்லை. தோல் சீவி வேகவைத்த ஆப்பிள் துண்டும் ஆகும்.

எட்டுவாரம்:
வாழைப்பழத்தில் பார்க்க என்ன இருக்கிறது அக்கா? சுருக்கம் இல்லை, காதில் வைத்தால் சத்தம் இல்லை, நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும். தெரிந்த பொருளை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்க்க வைப்பதுதான் அந்தப் பயிற்சி. திராட்சைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

சமையல்கட்டு:
வாழைப்பழத்தைப் பார்க்கத் தெரியாதவருக்குத் திராட்சையிலும் ஒன்றும் தெரியாது. நடுவில் மூன்றாகப் பிரியும் கோடு, கறுப்புப் புள்ளி விதைகள், காம்புப் பக்கத்து வாசனை. இதெல்லாம் எங்கே போயிற்று?

தமிழ்ச்சொல்:
இதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்றுதான் எழுதவேண்டுமா? பாலியில் சதி, வடமொழியில் ஸ்மிருதி. தமிழில் முழுக்கவனம் என்று எழுதலாமே.

எட்டுவாரம்:
முழுக்கவனம் என்றால் பரீட்சைக்குப் படிப்பதுபோல இருக்கிறது. வருகிறவர்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்காருவார்கள்.

குடல்காவலர்:
பெயர்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். திராட்சையைக்கூட விடத் தெரியாத பயிற்றுநர் பாடி ஸ்கேனை, அதாவது படுத்துக்கொண்டு உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிக்கும் பயிற்சியை, எப்படி மாற்றுவார்? கபாட்-ஜின் முறையில் 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். மலக்குடல் வீங்கியிருக்கும்போது அது விரிந்து கொடுக்காது. கொஞ்சம் சேர்ந்தாலே அவசரம் வந்துவிடும், சில நிமிடம்கூடத் தாங்காது. அந்த நேரத்தில் "உந்துதல் வருகிறது, அதைக் கவனியுங்கள், அசையாதீர்கள்" என்று ஒலிப்பதிவு சொன்னால் பாயிலேயே போய்விடும். தியானத்தில் அரிப்பைச் சொறியாமல் இருந்து பழகுவதும் இதுவும் ஒன்றல்ல.

கிளம்பிய நோயில் செய்யவேண்டியது இது. பாய் கதவோரம், கழிப்பறை திறந்திருக்கவேண்டும். கேட்காமல் எழுந்து போகலாம் என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடவேண்டும். 45க்குப் பதில் 10 நிமிடம். மல்லாக்கப் படுத்தால் வயிறு இழுக்கும், ஆகவே முழங்காலை மடக்கி ஒருக்களித்து. கவனத்தை வயிற்றில் நிறுத்தக்கூடாது. வலிக்கிற இடத்தையே பார்த்தால் வலி பெருகும், பயமும் கூடும். பாதத்தில், உள்ளங்கையில், வெளியே கேட்கிற சத்தத்தில் வைக்கவேண்டும். நோய் அடங்கியபின் மெல்ல வயிற்றுக்கு வரலாம், ஒரு தடவைக்கு மூன்று நான்கு மூச்சு. மலம் சேர வயிற்றில் பை வைத்தவருக்குக் குப்புறப் படுக்கும் ஆசனம் வேண்டாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர் தூக்கம் வராமல் தவிப்பார். அவர் மாத்திரையைக் காலையிலும் பாடி ஸ்கேனை இரவிலும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போனால், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90க்கு மேலோ இருந்தால், பயிற்சியை மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் வகுத்த அளவுகோல் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

எட்டுவாரம்:
இதில் பாதியை நல்ல பயிற்றுநர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள். நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல எழுதவேண்டாம். வயிற்றை விட்டு ஓடச் சொல்வதும் சரியில்லை. வருடக்கணக்கில் வயிற்றைப் பகையாகப் பார்த்தவருக்கு அதோடு இருக்கக் கற்றுத்தருவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

மருந்துச்சீட்டு:
ஸ்பெயினில் செய்து 2020இல் வெளியான ஆய்வில் பயிற்சி எடுத்தவர்களுக்குக் கால்ப்ரோடெக்டின் குறைந்திருந்தது. குடல்காவலர் சிகாகோவோடு நிறுத்திக்கொண்டது ஏன்?

குடல்காவலர்:
குறைந்தது. அங்கே யாரும் மருந்துக்குப் பதிலாகப் பயிற்சி கொடுக்கவில்லை, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கிப் போட்டால் மருந்தை விடச் சொன்ன அந்த ஆளுக்குத்தான் வசதி. எட்டுவாரம் இன்னும் ஒன்றுக்குப் பதில் சொல்லவில்லை. குடல் குறுகியவர்கள் யார் யார் என்று சேரும்போதே கேட்டுக்கொள்கிறார்களா? சிறுகுடலைப் படமெடுக்கும் எம்ஆர் என்டரோகிராஃபி அறிக்கையைப் பார்க்கிறார்களா, பார்க்காமலே தட்டை நீட்டுகிறார்களா?

எட்டுவாரம்:
மென்று துப்பிவிடலாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு திராட்சைக்கு இத்தனை ஸ்கேனா?

சமையல்கட்டு:
துப்புவதற்கு எதற்குத் திராட்சை? பூவன்பழத்தை விழுங்கிவிடலாமே.

குடல்காவலர்:
துப்பலாம் என்கிறீர்கள். அப்போது தோல் கூழாகாது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

எட்டுவாரம்:
இல்லை.