நூலக ஆணை அரசின் கொடையா, நம் வீட்டு வரியா?

தகடூரான்:
"தமிழ்ப் பதிப்புத் துறைக்கு அரசுதான் சோறு போடுகிறது; நூலக ஆணை இரண்டு ஆண்டு நின்றால் பாதிப் பதிப்பகங்கள் கடையைச் சாத்திவிடும்" என்று ஓசூர்வாசி நேற்று எழுதியிருப்பதைப் படித்தேன். பொது நூலகங்களுக்காகப் பதிப்பாளர்களிடம் நூல் வாங்கத் தரும் ஆணையைத்தான் நூலக ஆணை என்கிறார். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்பதை ஓசூர்வாசி அறிவார் என்றே நினைக்கிறேன். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள்; இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆயிரம் ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர் நூலகத்துக்கென்று நூறு ரூபாய் கட்டுகிறார். அந்தப் பணத்தில் மாவட்ட நூலக ஆணைக்குழு புத்தகம் வாங்கினால், அதற்கு அரசின் கொடை என்று பெயரா? யாருடைய பணம் ஐயா அது?

ஓசூர்வாசி:
தகடூரான் ஐயா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பொருளாதாரம் பேசுகிறார். வரியாக வாங்கிய பணம் அரசின் பணம்தான். சாலையும் மருத்துவமனையும் நம் வரியில் வந்தவை என்பதற்காக அவற்றை அரசு கட்டவில்லை என்று எவரும் சொல்வதில்லை. கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023ஆம் ஆண்டு திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும், 2023 முதல் சென்னையில் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும், அதையொட்டித் தரப்படும் மொழிபெயர்ப்பு மானியமும், மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவும் உங்கள் பத்துக் காசில் வந்துவிட்டனவா? அதியமான் ஆண்ட தருமபுரி மண்ணில் பிறந்தவருக்கு, கொடுப்பவரைக் கண்டால் நன்றி சொல்லும் பழக்கமாவது இருக்க வேண்டும்.

தகடூரான்:
அதியமானை இழுத்ததற்கு நன்றி. அவன் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான். ஔவையின் தோட்டத்தில் பறித்து ஔவைக்கே கொடுத்துவிட்டு மெய்க்கீர்த்தி பாடச் சொல்லவில்லை. நூலகக் கட்டடத்தையும் திருவிழாவையும் பற்றி நான் கேட்கவே இல்லை. நூலக ஆணையின் பணம் யாருடையது என்ற கேள்விக்கு விடை எங்கே?

பென்னாகரத்து அச்சகர்:
இருவரும் வீட்டு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தாளின் வரியை யாரும் பேசவில்லை. 2017ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அச்சு நூலுக்கு வரி இல்லை என்று பெருமையாக அறிவித்தார்கள். ஆனால் அந்த நூல் அச்சாகும் தாளுக்கு அப்போது 12 சதவீதம் வரி. 2025 செப்டம்பரில் அது 18 ஆகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுக்கான தாளுக்கு மட்டும் வரி நீங்கியது. அதாவது, ஒன்றும் எழுதாத நோட்டுக்கான தாளுக்கு வரி இல்லை. எழுத்து ஏறப்போகும் தாளுக்கு 18 சதவீதம். இதுதான் பதிப்புத் துறையைக் காக்கும் கொள்கை என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஓசூர்வாசி:
புத்தகத்துக்கு வரியே இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அதுவும் அரசு செய்யும் உதவிதானே? என் கருத்துக்குச் சான்று தேடித் தந்தமைக்கு நன்றி.

பென்னாகரத்து அச்சகர்:
விற்கும் பொருளுக்கு வரி விலக்கு என்றால், அதற்காக வாங்கிய தாளுக்கும் அச்சுக் கூலிக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அந்தச் சுமை நூலின் விலையில்தான் ஏறும். எழுத்தாளருக்குக் கொடுக்கும் உரிமைத் தொகைக்கான வரியையும் பதிப்பாளரே கட்டும்படி வைத்திருக்கிறார்கள். ஓசூரில் கணக்காளர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

தகடூரான்:
அச்சகர் சொல்வது உண்மை, ஆனால் அது மைய அரசின் கதை. இங்கே கேள்வி நூலக வரி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி ஆகிய நான்கு இடங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் ஆளுக்கொரு படி அனுப்ப வேண்டும். ஆக, பதிப்பாளரிடமிருந்து இலவசமாக நூலை வாங்குவதும் அரசு. நம்மிடம் வரி வாங்கி அந்த வரியில் நூல் வாங்குவதும் அரசு. கடைசியில் சோறு போட்டவர் என்ற பெயரும் அரசுக்கே. போன முறை புத்தகத் திருவிழா அரங்க வாடகை பற்றி இங்கே பேசியபோதும் ஓசூர்வாசி இப்படித்தான் அமைப்பாளர்களுக்கு வக்காலத்து வாங்கினார். நான் மறக்கவில்லை.

அரூர் வாசகி:
பணம் யாருடையது என்பதைவிட, அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று கேட்கலாமே. பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்து நூலக ஆணை கொடுத்த காலத்தில், பெரிய எழுத்தும் அகன்ற ஓரமுமாகப் பக்கத்தைப் பெருக்கியவருக்கும், பல ஆண்டு உழைத்து அகராதி தொகுத்தவருக்கும் ஒரே கணக்குதான். எங்கள் கிளை நூலகத்தில் எவரும் தொடாமல் புழுதி படிந்து நிற்கும் வரிசைகளைப் பார்த்தாலே இந்தக் கொள்கை யாரைக் காத்தது என்று புரியும். இப்போது இணையவழியில் பதிப்பாளரே விண்ணப்பிக்கும் முறை வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச இங்கே ஒருவரும் இல்லை.

தகடூரான்:
அம்மையீர், எதை வாங்குவது என்பது அடுத்த வினா. யாருடைய பணம் என்பதை முடிவு செய்தால்தான் எதை வாங்குவதென்று கேட்கும் உரிமை யாருக்கு என்பது தெரியும்.

ஓசூர்வாசி:
பணம் யாருடையது என்பதில் அவ்வளவு அக்கறை இருந்தால், ஓசூர் ஆலைகளும் அடுக்ககங்களும் கட்டும் சொத்து வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004ஆம் ஆண்டு எங்கள் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு எங்கள் நூலக வரி எங்கள் ஆணைக்குழுவுக்குப் போகிறது. அந்த எரிச்சல்தான் இங்கே வெளிப்படுகிறது. மேலும், பதிப்புத் துறையைக் காக்கும் சட்டம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பிரான்சைப் பாருங்கள். பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் 1981இல் கொண்டுவந்த சட்டப்படி, பதிப்பாளர் குறித்த விலையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எந்தக் கடையும் கழிவு தர முடியாது. இங்கே பத்து சதவீதக் கழிவு இல்லையென்றால் திருவிழாவுக்குள்ளேயே வர மாட்டோம் என்கிறோம்.

அரூர் வாசகி:
அந்தப் பத்து சதவீதமும் போனால் என்னைப் போன்றவர்கள் எப்படி வாங்குவது? பாரிஸ்காரரின் வருமானத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பிறகு அவருடைய சட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

பென்னாகரத்து அச்சகர்:
கழிவு பதிப்பாளர் கையிலிருந்து போகிறது, வரி தாளிலேயே போகிறது. இரண்டுக்கும் நடுவில் என் கூலி பாக்கி நிற்கிறது.

தகடூரான்:
எரிச்சலாம். தருமபுரி 1965 வரை சேலத்தோடு இருந்தது; அப்போது நாங்கள் சேலத்தாரிடம் நன்றிக் கடிதம் கேட்டு நிற்கவில்லை. ஓசூரின் ஆலை வரி ஓசூருக்கே இருக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: "எங்கள் நூலக வரி" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் வரி என்றால் அது உங்கள் பணம். உங்கள் பணம் என்றால் அரசு போட்ட சோறு எது? உள்ளாட்சி அமைப்புகள் வாங்கிய நூலக வரியை உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்குச் செலுத்துவதில்லை என்பது பதிப்பாளர்களின் நெடுநாள் குறை. அந்தப் பாக்கியை வாங்கித் தந்தாலே போதும். ஜாக் லாங் ஓசூருக்கு வர வேண்டியதில்லை.

ஓசூர்வாசி:
ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குவது வாதமாகாது. நூலக வரியை நாளைக்கே நீக்கிவிட்டால், மிச்சமாகும் நூறு ரூபாய்க்குத் தருமபுரியில் எத்தனை பேர் புத்தகம் வாங்குவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தகடூரான்:
முதலில் கேட்டவன் நான். யாருடைய பணம்?