பிளஸ் டூ புத்தகம் போதாதா? ஜேஇஇ எதற்கு?

திருமங்கலம் தந்தை:
மகள் பிளஸ் ஒன் கணிதப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியக் கல்லூரிகளில் பொறியியல் சேர்வதற்கான நுழைவுத்தேர்வான ஜேஇஇ-க்குக் கோச்சிங்கில் சேர்க்கவில்லையா என்றே கேட்கிறார்கள். எதற்குச் சேர்க்க வேண்டும்? தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007-லேயே ஒழிந்துவிட்டது. கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50-க்கு என 200-க்குத்தான் சேர்க்கைக்கான கட்-ஆஃப். கணிதத்தில் 100, இயற்பியலில் 96, வேதியியலில் 94 வாங்கினால் 195 வந்துவிடும். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கும்போது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று பிள்ளையை நிறுத்துவானேன்?

மேலூர் கணித ஆசிரியர்:
ஐயா, இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலப்பெண்கள், அணிகள், வெக்டர், தொகையீடு எல்லாம் இரண்டிலும் உண்டு. கேட்கும் விதம்தான் வேறு. 1-இன் முப்படி மூலங்களைக் கூட்டினால் பூஜ்யம் என்பது நம் பாடநூலிலேயே இருக்கிறது. ஜேஇஇ-யில் அதை ஓர் அணிக்கோவைக்குள் ஒளித்துவைத்துக் கேட்பார்கள். அதன் முதல் கட்டமான மெயின் தேர்வில் 75 கேள்விகளுக்கு 180 நிமிடம். விடை தவறினால் ஒரு மதிப்பெண் போகும்.

என் கவலை பிளஸ் ஒன் பாடம் பற்றியது. நம் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்பதால், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை அரைகுறையாக ஓட்டிவிட்டு அடுத்த ஆண்டுப் பாடத்துக்குத் தாவிவிடுகின்றன. இது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். முக்கோணவியலும் எல்லை (லிமிட்) கணக்கும் சரியாக வராத பிள்ளை பிளஸ் டூ வகைநுண்கணிதத்தில் திணறுவதை வகுப்பில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஜேஇஇ இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கேட்கிறது. அந்தப் பயத்திலாவது பிளஸ் ஒன் புத்தகம் திறக்கப்படும்.

திருமங்கலம் தந்தை:
எல்லாம் ஒன்றேதான் என்று சொல்லாதீர்கள், சார். 2024-இல் ஜேஇஇ மெயினில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், கணிதத் தொகுத்தறிதல் ஆகியவற்றை நீக்கிவிட்டார்கள். நம் புத்தகங்களில் அவை இருக்கின்றன. நம் பிளஸ் டூ கணிதத்தில் வரும் பகுதி வகைக்கெழுவும் அங்கே கிடையாது. கோச்சிங்கில் இவற்றைத் தொட மாட்டார்கள். பொதுத்தேர்வில் அங்கிருந்து கேள்வி வந்தால் கட்-ஆஃப் அடிவாங்காதா? பிட்ஸ் பிலானிக்கான பிட்சாட் நுழைவுத்தேர்வும் எழுத வேண்டுமென்றால் ஆங்கிலமும் தர்க்கமும் வேறு சேர்ந்துகொள்ளும்.

அண்ணாநகர் மாணவி:
நான் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறேன். ஜேஇஇ மெயின் வினாத்தாள் 2021 முதல் தமிழிலும் கிடைக்கிறது. ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு மட்டும் இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பாடத்திட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசும் பெரியவர்கள் இந்த அநியாயத்தைப் பற்றியும் பேசுங்கள். ஆனால் மெயின் மதிப்பெண்ணை வைத்தே திருச்சி என்ஐடிக்குப் போகலாம், மாமா. அங்கே பாதி இடங்கள் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. அந்தக் கதவை நாமே ஏன் சாத்த வேண்டும்?

மேலூர் கணித ஆசிரியர்:
யார் வீட்டுப் பிள்ளையானாலும், இந்தப் பிள்ளை கேட்பது நியாயம். ஐயா, கோச்சிங்குக்குப் பணம் கட்டச் சொல்லவில்லை. பிளஸ் ஒன் புத்தகத்தில் ஒரு கணக்கைக்கூட விடாமல் போடட்டும். பழைய ஜேஇஇ வினாத்தாள்கள் அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீக்கிய பாடங்களைப் பொதுத்தேர்வுக்காகத் தனியே படித்துக்கொள்ளலாம்.

திருமங்கலம் தந்தை:
பிளஸ் ஒன் புத்தகத்தைப் பற்றிச் சொன்னது சரி, அதில் மறுபேச்சில்லை. தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மகளே முடிவெடுக்கட்டும். கோச்சிங் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.