மறுமொழி: தெற்குத் தெருப் பிள்ளைக்கு நிதி

எட்டயபுரத்து உறவுகளுக்கு வணக்கம்.

வீணை வாசிக்கும் தெற்குத் தெருப் பெண்ணுக்கு நாம் பணம் கொடுப்பதா என்று மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாம் படித்தேன். போன மாதம் ஊருக்குப் போன அம்மா நேரில் பார்த்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளை வீட்டில் வீணை துணி மூடி சுவரோரம் கிடக்கிறதாம். சித்திரை வெயிலில் மெழுகு இளகி, விரல் வைக்கும் பித்தளை மெட்டுகள் நகர்ந்துவிட்டன. மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் திரும்பப் பதிக்க, தஞ்சாவூரிலிருந்து ஆள் வரவேண்டும். வாசித்துப் பார்க்க வழியில்லாமல் வாய்க்குள் முணுமுணுத்தே நாட்டைக்குறிஞ்சி ராகத்தில் ஒரு வர்ணம் (கச்சேரித் தொடக்கத்தில் வாசிக்கும் உருப்படி) எழுதிக்கொண்டிருக்கிறாள். பழைய கடைக் கணக்கு நோட்டு, மேல் ஸ்தாயிப் புள்ளிகள் மட்டும் சிவப்பு மையில். அதில் வரும் சிட்டைஸ்வரம் என்ற ஸ்வரப் பகுதியை நான்கு தடவை அடித்துவிட்டு ஐந்தாவதாக எழுதியிருந்தாளாம். விடியற்காலை நாலரைக்கு போனில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு, பகலெல்லாம் ஜெராக்ஸ் கடை. எழுத உட்காருவதே இரவு பத்துக்கு மேல்தான். பிள்ளைக்குக் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

குவைத் அண்ணன் ரசீது கேட்பது நியாயம்தான். முன்பு ஊர் வளைவு கட்டிய கணக்கில் பட்டவர் அவர். மேளம் கட்டியதும் ரசீது அனுப்பச் சொல்கிறேன். ஆனால் அவள் உட்கார்ந்து யோசிக்கிற நேரத்துக்கு யாரும் ரசீது தர முடியாது, அண்ணே. நான் சொல்வது, மாதம் 12,000 ரூபாய், ஒரு வருடம், நேராக அவள் கணக்கில். கடை வேலையை விட்டுவிடலாம். முதல் மூன்று மாதம் என் பொறுப்பு.

டல்லாஸ் சித்தப்பா பணத்துக்குப் பதில் சால்வை, கல்வெட்டு என்று எழுதியிருந்தார். சித்தப்பா, நம் ஊர் சங்கீத வித்வான் சுப்பராம தீட்சிதர் 17 வயதில் தர்பார் ராகத்தில் வர்ணம் போட்டபோது எட்டயபுரம் ராஜாவுக்கே நம்பிக்கை வரவில்லை. தாத்தா பாலுசுவாமி தீட்சிதர் போட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைத்து, அரண்மனையிலேயே உட்காரவைத்து ஜதிஸ்வரம் என்ற உருப்படி ஒன்றைப் போடச் சொன்னார். பையன் போட்டுக் காட்டினான். பிறகு ஆஸ்தானத்தில் சேர்த்துக்கொண்டு ஆயுசுக்கும் ஆதரித்தார்கள். அவர் எழுதிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூல் 1904-ல் நம் ஊர் அச்சுக்கூடத்தில்தான் அச்சேறியது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகள் ஸ்வரத்தோடு அதில் இருக்கின்றன. அந்த முதல் வர்ணத்துக்கும் இந்த நூலுக்கும் நடுவில் ஏறக்குறைய 48 வருடம். அத்தனை வருடமும் ஊர் சோறு போட்டது. நாம் ஒரு வருடத்துக்கே இத்தனை மடல் எழுதுகிறோம்.

மேலத்தெருப் பெரியம்மா, “அவள் அப்பா நமக்கு என்ன செய்தார்” என்று நீங்கள் கேட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. என் அப்பா போன அன்று நாங்கள் ஒருவரும் ஊர் வந்து சேரவில்லை. ஐஸ் பெட்டிக்குக் கோவில்பட்டி வரை ஓடியதும், விடியவிடிய வாசலில் உட்கார்ந்திருந்ததும் அவள் அப்பாதான். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

தஞ்சாவூர் ஆளிடம் பேசிவிட்டேன், ஆடி பிறப்பதற்குள் வருகிறார். யார் எந்த மாதத்துக்கு என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். தீபாவளியன்று நம் ஊரில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியில் அந்த வர்ணத்தை வாசிக்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.