கூட்டத்தில் தலையாட்டல், வெளியே வந்தால் புலம்பல்: என்ன செய்யலாம்?

கேள்வி:
எந்த மென்பொருளுக்கு மாறுவது என்று பேச உட்கார்ந்தால், மூத்தவர் முதலில் கருத்தைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் "இது சரிப்படாது" என்று ஆளாளுக்குப் புலம்பல். போன கூட்டத்தில் ஒருவர் செலவுக் கணக்கைக் கேட்டார். "என் மேல் உனக்கு என்ன கோபம்?" என்று பதில் வந்தது. எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1:
மூத்தவர் கடைசியில் பேசட்டும். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்தையே சுற்றியிருப்பவர்கள் தப்பாகச் சொன்னதும், முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது ஒத்து ஊதினார்கள். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே அந்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது. எழுதித் தரச் சொன்னபோதும் அப்படித்தான். அதனால் பேச்சுக்கு முன்பே, பெயர் போடாமல் கருத்தை எழுத ஆளுக்கொரு தாள் கொடுங்கள்.

பதில் 2:
தாள் சரி, கோபத்துக்கு என்ன வழி? செலவுக் கணக்கைக் கேட்பது வேலை பற்றிய சண்டை. அது ஆள் மீதான சண்டையாக மாறினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டவரை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

கேட்டவர்:
கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே?

பதில் 1:
அப்படியானால் தட்டச்சு செய்து தரட்டும். படிப்பவர் மட்டும் மூத்தவராக இருக்க வேண்டாம்!